காவிரிச் செய்தி வந்தால் பயம், தூக்கமின்மை, வாட்ஸ்அப் சண்டை: அறிவோடு யோசிப்பது எப்படி?

அல்சூர்வாசி:
ஆகஸ்ட், செப்டம்பரில் மழை குறைந்தால் போதும், காவிரிப் பேச்சு கிளம்பிவிடுகிறது. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஃபார்வர்டு மேல் ஃபார்வர்டு. பயம், தூக்கமின்மை, ஆபீஸில் கன்னட நண்பர்களோடு மனக்கசப்பு எல்லாம் கூடவே வருகின்றன. "அறிவோடு யோசி" என்கிறார்கள். உட்கார்ந்து யோசித்தால் பயம்தான் கூடுகிறது. உண்மையில் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள்.

மனக்குறிப்பு:
படுக்கையில் புரண்டபடி யோசிப்பது அரைத்த மாவையே அரைப்பது. அதில் முடிவு எதுவும் வராது. தாளும் பேனாவும் எடுங்கள். 1950களில் ஆல்பர்ட் எல்லிஸ், 1960களில் ஆரோன் பெக் உருவாக்கிய மனச் சிகிச்சை முறைகள் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நிகழ்வுக்கும் உணர்ச்சிக்கும் நடுவே ஒரு எண்ணம் இருக்கிறது. அதைப் பிடித்து எழுத வேண்டும்.

முதலில் என்ன நடந்தது என்று ஒரே வரி. அடுத்து மனதில் ஓடிய எண்ணம், அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்பது. பிறகு உணர்ச்சியின் பெயரும் 0 முதல் 100 வரை அதன் அளவும். அதன்பின் எண்ணத்துக்கு ஆதரவான சான்று, எதிரான சான்று. கடைசியில் இரண்டையும் கணக்கில் எடுத்த புதிய வாக்கியம், மறுபடி மதிப்பெண்.

பலர் தடுக்கி விழுவது எண்ணத்தை எழுதும் இடத்தில்தான். "நமக்கு என்ன ஆகுமோ?" என்று கேள்வியாக எழுதினால் சோதிக்கவே முடியாது. "இந்த வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் தெருவில் தமிழர் கடை தாக்கப்படும், 70%" என்று நாள் குறித்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்துப் பாருங்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால், உங்கள் 70% உண்மையில் எத்தனை தடவை பலித்தது என்று தெரியும்.

சான்றுகளில் பொய் ஆறுதல் வேண்டாம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் பெங்களூரில் கலவரம் நடந்தது உண்மை, அது ஆதரவுப் பக்கத்தில் இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தில் "ஒன்றும் ஆகாது" என்று எழுதினால் மனம் நம்பாது. "2023 செப்டம்பரில் இதே பிரச்சினைக்கு பந்த் நடந்தது, 2016 அளவுக்கு வன்முறை இல்லை" என்பது சான்று. பயம் 80இலிருந்து 50க்கு இறங்கினாலே வேலை நடந்துவிட்டது. பூஜ்யம் ஆக வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மிச்சமிருக்கும் 50க்குச் செயல் உண்டு: பந்த் அன்று தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம், இரண்டு நாள் பாலும் மருந்தும் வாங்கி வையுங்கள். அதைச் செய்த பிறகும் வரும் கவலைக்கு மாலையில் 20 நிமிடம் ஒதுக்குங்கள், தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, படுக்கும் அறை வேண்டாம். ராத்திரி கவலை வந்தால் ஒரு வார்த்தை குறித்துவிட்டு நாளைய 20 நிமிடத்துக்குத் தள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை செய்தியைத் திறந்து பார்ப்பது பயத்துக்குத் தீனி. ஒரு நிமிட நிம்மதி கிடைப்பதால்தான் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

அணைக்கணக்கு:
காவிரி பற்றிய ஃபார்வர்டுகளில் பாதி அலகுக் குழப்பத்திலேயே விழுந்துவிடும். விநாடிக்கு இத்தனை கனஅடி என்பது தண்ணீர் ஓடும் வீதம், டிஎம்சி என்பது தண்ணீரின் மொத்த அளவு, ஒரு டிஎம்சி 100 கோடி கனஅடி. ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆகவே விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால்தான் 1 டிஎம்சி. 2023 ஆகஸ்ட் கடைசியில் 15 நாளுக்கு விநாடிக்கு 5,000 கனஅடி தமிழ்நாட்டுக்குத் திறக்கும்படி கர்நாடகத்துக்கு வந்த உத்தரவைப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 6.48 டிஎம்சி. "அணையையே காலி செய்தார்கள்" என்பதும் "ஒரு சொட்டும் வரவில்லை" என்பதும் இந்த எண் முன்னால் நிற்காது. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் (கே.ஆர்.எஸ்.) அணையின் கொள்ளளவே சுமார் 49 டிஎம்சி.

2018 பிப்ரவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, தமிழ்நாட்டு எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி வர வேண்டும். அதில் ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. கிட்டத்தட்ட பாதி இந்த இரண்டு மாதத்தில். சண்டை ஏன் அப்போதே வெடிக்கிறது என்பதற்கு வேறு சதி தேட வேண்டாம். இதே தீர்ப்பு பெங்களூர்க் குடிநீருக்கு 4.75 டிஎம்சி கூடுதலாகத் தந்தது. இங்குள்ள தமிழர் குழாயில் வருவதும் அதுதான்.

நண்பரோடு பேசும்போது இரண்டைக் கலக்காதீர்கள். எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது அளந்தால் தெரியும். பற்றாக்குறை ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பது நியாயம் பற்றிய கேள்வி, அதை எண் மட்டும் தீர்க்காது. உங்கள் வாதத்தில் இரு மாநிலப் பெயர்களையும் மாற்றிப் போட்டுப் படியுங்கள். அப்போது ஏற்க முடியாவிட்டால் வாதம் பலவீனமானது.

நிழல்மரம்:
மேலே சொன்னவை கவலைக்கு. மனச்சோர்வு வந்தவருக்குத் தர்க்கம் அவருக்கு எதிராகவே வேலை செய்யலாம். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளைப் பாருங்கள்: கடந்த இரண்டு வாரம் பற்றி 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது, உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே 14416. அது அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். நேரில் போக ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது.

அல்சூர்வாசி:
மிக்க நன்றி. ஒன்று மட்டும்: குடும்பக் குழுவில் தப்பைச் சுட்டினால் பெரியவர்கள் கோபித்துக்கொள்கிறார்களே?

அணைக்கணக்கு:
எல்லோர் முன்னாலும் திருத்தினால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். தனியே அனுப்புங்கள்: "மாமா, இந்த வீடியோ எந்த வருஷத்தது? கடை போர்டில் என்ன தேதி தெரியுது பாருங்க." வீடியோவில் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடவும் சொல்லிக் கொடுங்கள். 2016 காட்சிதான் என்று அவரே கண்டுபிடித்தால் அவரே குழுவிலிருந்து நீக்குவார்.