மறுமொழி: ‘ஸ்க்ராம்’ என்பதற்குத் தமிழில் என்ன?

> அணு உலையை அவசரமாக நிறுத்தும் ‘ஸ்க்ராம்’ என்பதற்கு, அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸ் பற்றிய கட்டுரையில் ‘உலை அணைப்பு’ என்று இட்டிருக்கிறேன். த்ரெஷர், சீவுல்ஃப் நீர்மூழ்கிகளின் கட்டுரைகளிலும் அதையே வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

அணைப்பு வேண்டாம். கட்டுப்பாட்டுத் தண்டுகள் உலைக்குள் போனதும் தொடர்வினை நொடிகளில் நின்றுவிடும்; வெப்பம் நிற்காது. நெடுநேரம் முழுத்திறனில் ஓடிய உலையில் அந்தக் கணத்தில் ஏறக்குறைய 6 முதல் 7 சதவீத வெப்பம் வந்துகொண்டிருக்கும், ஒரு மணி நேரம் கழித்தும் 1 சதவீதத்துக்கு மேல். அணுப்பிளவில் உண்டான துணுக்குகள் சிதைவதால் வரும் வெப்பம் இது. குளிர்நீர் ஓட்டம் தொடர்ந்தே ஆக வேண்டும். ‘அணைந்தது’ என்று படிப்பவருக்கு இது புரியாமலே போய்விடும்.

வெறும் ‘நிறுத்தம்’ என்பதை, துறைமுகத்தில் தண்டுகளைப் படிப்படியாக இறக்கி நிறுத்துவதற்கு விட்டுவைப்போம். ஸ்க்ராமில் பிடி விடுபட்டு, ஹாஃப்னியம் தண்டுகள் மொத்தமாக உள்ளே பாயும். கப்பல் சாய்ந்திருந்தாலும் பாய வேண்டும் என்பதால் எடையை மட்டும் நம்பாமல் வில்சுருளும் தள்ளும். எனவே ‘சடுநிறுத்தம்’ என்று முன்மொழிகிறேன். ‘வினையறுப்பு’ துல்லியமான சொல்தான், ஆனால் தேவாரம் கேட்ட காதுக்கு அது வேறு வினையைச் சொல்லும்.

த்ரெஷருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். 1963 ஏப்ரல் 10, ஆழச் சோதனை, 129 பேர் இறந்தார்கள். எந்திர அறையில் வெள்ளிப் பற்றவைப்புக் குழாய் இணைப்பு ஒன்று விட்டு, பீறிட்ட கடல்நீர் மின்சுற்றுகளைக் கெடுத்து, உலை சடுநிறுத்தம் ஆகியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. அன்றைய நடைமுறையில், உலை மட்டுமீறிக் குளிர்ந்துவிடாதிருக்க முதன்மை நீராவி வால்வுகளை உடனே மூட வேண்டும். மூடினால் டர்பைனுக்கு நீராவி இல்லை, கப்பலுக்கு உந்துவிசை இல்லை. உயர் அழுத்தக் காற்றால் தொட்டிநீரை வெளியேற்றி மேலேறவும் முடியவில்லை. காற்றிலிருந்த ஈரம் வடிகட்டிகளில் பனியாக உறைந்து வழியை அடைத்திருக்கும். பின்னர் டினோசா என்ற நீர்மூழ்கியில் துறைமுகத்திலேயே சோதித்தபோது அப்படித்தான் அடைத்தது. அதன்பின் நடைமுறை மாறியது: உலையில் எஞ்சியிருக்கும் வெப்பத்தின் நீராவியை எடுத்துக் கப்பலை நகர்த்தலாம், உலையையும் விரைவாக மீண்டும் தொடங்கலாம். ‘உலை அணைந்தது’ என்று எழுதிவிட்டு, அதே உலையின் நீராவியால் கப்பல் நகர்ந்தது என்று எப்படி எழுதுவீர்கள்?

அன்புடன்.

—

> எனவே ‘சடுநிறுத்தம்’ என்று முன்மொழிகிறேன்.

நண்பரே, அணைப்பை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொல்லும் காரணம் போதும். ஆனால் ‘சடு’ என்று தனியே நறுக்கினால் சடுகுடுதான் நினைவுக்கு வருகிறது. ‘சடுதி நிறுத்தம்’ என்று முழுதாகவே வைப்போம். இலங்கை வாசகர்களுக்குச் சடுதி அன்றாடச் சொல், இங்கேயும் விளங்காதவர் இல்லை. ‘தானியங்கு சடுதி நிறுத்தம்’, ‘உலையைச் சடுதியாக நிறுத்தினார்கள்’ என்று இரண்டு விதமாகவும் எழுத வருகிறது.

சீவுல்ஃபில் இன்னொரு சிக்கல். அதன் முதல் உலையில் குளிர்விப்பது உருகிய சோடியம். 98 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உறைந்துவிடும். உலை நின்றபின் நாட்டிலஸில் சூட்டை வெளியேற்றினால் போதும், இங்கே சோடியம் உறையாதபடி சூடும் ஏற்ற வேண்டும். ஆகவே அந்தக் கட்டுரையில் ‘குளிர்நீர்’ என்று வரும் இடமெல்லாம் ‘குளிர்விப்பி’ என்று மாற்றுகிறேன். ‘சிதைவு வெப்பம்’ மூன்றுக்கும் பொது. வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிறு அன்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.