சாக்பீஸில் ஒரு குவெர்னிகா

ஒன்பதாம் வகுப்புக்கு ஓவிய ரசனை எடுத்த முதல் வருடம் நான் நடத்தியது வரலாற்றுப் பாடம். இம்ப்ரெஷனிசம், கியூபிசம் என்று ஓவிய பாணிகள், ஓவியர் பெயர், ஆண்டு. பிள்ளைகளும் சமர்த்தாக எழுதிக்கொண்டார்கள். தேர்வில் ஒரு படத்தைக் கொடுத்து ரசித்து எழுதச் சொன்னால், பாதிப் பேர் "இந்த ஓவியம் மிக அழகாக உள்ளது, வண்ணங்கள் கண்ணைக் கவர்கின்றன" என்று எழுதியிருந்தார்கள். நான் கொடுத்தது கறுப்பு வெள்ளைப் படம்!

அடுத்த வருடம் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலையை (1831 வாக்கில் வந்த மர அச்சுப் படம்) திரையில் போட்டு, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றேன். முதல் இரண்டு நிமிடம் கொடுமை. பிள்ளைகளுக்கு இல்லை, எனக்கு. விளக்கிவிட நாக்கு துடிக்கும். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "டீச்சர், படகுல ஆளுங்க இருக்காங்க!" என்றான். மூன்று படகுகள், குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் தலைகள். அதுவரை யாருமே பார்த்திருக்கவில்லை.

"நடுவுல சின்னதா இருக்கறதும் அலைதானே?" என்றாள் ஒருத்தி.

"எதை வைத்துச் சொல்கிறாய்?"

"உச்சியில வெள்ளையா நுரை இருக்கே."

"அது பனி. மலைடி அது" என்று பக்கத்தில் இருந்தவள் மல்லுக்கு நின்றாள். ஃபூஜி மலைதான். ஆனால் முன்னால் இருக்கும் குட்டி அலையும் அந்த மலையும் ஒரே சாயலில் இருப்பதை நானே அன்றுதான் கவனித்தேன்.

அசல் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். "இந்தச் சுவர் அளவு." சுமார் 25க்கு 37 சென்டிமீட்டரில் வெட்டி வைத்திருந்த தாளைத் தூக்கிக் காட்டியதும் வகுப்பே "இவ்ளோதானா!" என்றது. புரொஜெக்டர் எல்லா ஓவியத்தையும் ஒரே அளவாக்கிவிடுகிறது. இது எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

அதனால் பிக்காசோவின் குவெர்னிகாவுக்கு (குண்டுவீச்சில் சிதைந்த ஸ்பெயின் ஊரைப் பற்றி 1937இல் வரைந்தது) முதலில் படத்தையே காட்டவில்லை. உயரம் சுமார் 3.49 மீட்டர், அகலம் 7.77 மீட்டர். வகுப்பறைக்குள் அடங்காது என்று தாழ்வாரத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். அதன் நடுவில் போய் நின்றவர்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு படத்தைக் காட்டினேன். குதிரையின் தலை கட்டத்தில் எங்கே வரும் என்று சண்டை. குண்டு விழுந்த ஊரை வண்ணமே இல்லாமல் ஏன் வரைந்தார் என்று கேட்டதற்கு, "பேப்பர்ல வர்ற போட்டோ மாதிரி" என்றான் ஒருவன். அதை நான் சொல்லித்தரவில்லை.

மதிப்பெண் போடுவதுதான் இன்னும் தலைவலி. சொன்ன கருத்துக்குப் படத்திலிருந்தே ஒன்றைக் காட்டினால் மதிப்பெண் என்று வைத்திருக்கிறேன். போன தேர்வில் ஒருத்தி, தனக்கு அந்தப் படம் ஏன் பிடிக்கவில்லை என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிகம்.