களிமண் வேண்டாம், 'இழைகளி' என்று சொல்லலாமா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, காருக்குப் பொலிஷ் போடுவதற்கு முன், கழுவியும் போகாமல் பெயின்டில் ஊன்றிய அழுக்கை எடுக்கிற வேலைக்கு 'மாசகற்றல்' என்ற சொல்லே போதும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆற்றில் கலக்கும் கழிவும் ஆலைப் புகையும்தான் மனதில் வருகின்றன. அதைவிடப் பெரிய குறை, கழுவுவதையும் அது தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. கழுவியாயிற்று, மாசு போயிற்று, இனி கீறலைத் தேய்த்தெடுத்து மினுக்கும் கட் அன்ட் பொலிஷ்தானே என்று ஆட்கள் நேரே பொலிஷ் மெஷினை எடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கழுவிக் காயவைத்த பொனட்டில் மெஷினை ஓட்டினேன். பெயின்டில் குத்திக்கொண்டிருந்த துகள்கள் பெயர்ந்து மெஷினின் பஞ்சில் சிக்கி, வெயிலில் பார்த்தபோது சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். மேலே இருக்கும் வார்னிஷ் படலமே பெரும்பாலும் 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரைவிட மெல்லியது. கீறலை எடுக்கவென்று அதைத் தேய்த்துத் தள்ளினால் திரும்ப வராது.

ஆகவே, ஒட்டிக்கிடக்கும் அழுக்கு வேறு, ஊன்றிய அழுக்கு வேறு என்று சொல்லிலேயே தெரிய வேண்டும். ஊன்றியதற்குப் 'பதிமாசு' என்கிறேன். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்வருகிற வண்டியைப் பாருங்கள். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தே இறங்க வேண்டும். அங்கே தேய்ந்து பறக்கும் இரும்புப் பொடி சூட்டோடு பெயின்டில் குத்தி, மழையிலும் பனியிலும் நனைந்து துருவேறி அங்கேயே இருந்துவிடுகிறது. வெள்ளைக் கார் என்றால் செம்மஞ்சள் புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். பாதையிலிருந்து தெறித்த தாரும் மரப்பிசினும் வேறு. சவர்க்காரத் தண்ணீருக்கு இவை அசையாது. கழுவிய பிறகு மெல்லிய சொப்பிங் பையொன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பொனட்டைத் தடவிப் பாருங்கள், வெறும் விரலுக்கு வழவழப்பாக இருந்த இடமே ரவை கொட்டினாற்போல் நறநறக்கும். அதுதான் பதிமாசு. தாருக்குத் தார் கரைப்பான் உண்டு. இரும்புக்கான மருந்தைத் தெளித்தால் சில நிமிடங்களில் கத்தரிப்பூ நிறத்தில் கதவு வழியே கோடு கோடாக வடியும், காயவிடாமல் கழுவிவிட வேண்டும்.

மிச்சத்தைத் தேய்த்து எடுப்பதுதான், ஆங்கிலத்தில் 'கிளே பார்' எனப்படும், பட்டியலில் 'களிமண்' என்று எழுதப்பட்ட கட்டி. இந்தப் பெயரைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். என் மச்சானிடம் களிமண் போட்டுத் தேய் என்று சொன்னதற்கு, "மண் கீறாதா அண்ணே?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. உண்மையில் அதில் நிலத்து மண் கிடையாது. பசைபோன்ற பிசினுக்குள் மிக நுண்ணிய உராய்பொடி கலந்தது. 1990களில் தடாவோ கொடாதே என்ற ஜப்பானியர் அமெரிக்காவில் எடுத்த காப்புரிமையில் இதற்குக் கொடுத்த பெயரே நெகிழும் சாணைக்கல் என்ற பொருளில்தான். அதைப் பார்த்து 'நெகிழ்சாணை' என்று முதலில் யோசித்தேன். பொருள் சரி, ஆனால் சாணை என்றால் பொறி பறக்கும், கை தானாக அழுத்தும். இந்த வேலையில் அழுத்தவே கூடாது.

அப்புறம்தான் சந்தனம் இழைப்பது நினைவுக்கு வந்தது. கல்லில் தண்ணீர் விட்டு, பாரம் கொடுக்காமல், ஒரே சீராகப் போய் வருகிற கை. இங்கேயும் அதே கைதான். கட்டி வழுக்கிப் போவதற்கான வழுக்கு நீரைத் தாராளமாகத் தெளித்து, கட்டியை நான்கு விரலால் தட்டையாகப் பிடித்து நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். முதலில் இழுபடும், சத்தம்கூடக் கேட்கும். சத்தம் நின்று வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. கட்டியை மடித்துப் புது முகம் எடுங்கள். கீழே விழுந்தால் மீண்டும் தொடவேண்டாம், தரை மணல் முழுதும் அதில்தான் இருக்கும். நுவரெலியாக் காலைக் குளிரில் கல்லாக இறுகிவிடும், இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் போட்டெடுத்தால் இளகும்.

அதனால் 'இழைகளி'. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. களி என்பது சமையலறையிலும் உள்ள சொல்தானே, மண்ணை ஒட்டவைக்க வேண்டியதில்லை. நுண்ணிழைத் துணியும் (மைக்ரோஃபைபர்) இதே வேலையில் வருவதால் 'இழை' குழப்பும் என்று யாராவது சொல்லக்கூடும். அது பெயர், இது வினை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் வரவில்லை:

"கழுவியபின் பதிமாசு இருக்கிறதா என்று பார், இருந்தால் இழைகளி போட்டு எடு, இழைத்ததால் விழும் மெல்லிய கீறலைப் பொலிஷ் எடுக்கும், பிறகு பொலிஷின் எண்ணெயை அற்ககோலால் துடைத்துவிட்டு, மூடுபனி இறங்காத நாளாகப் பார்த்துக் காப்புப்பூச்சு பூசு."

இதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். எதையும் திருப்பிக் கேட்கவில்லை, வழுக்கு நீர் எங்கே வாங்கலாம் என்று மட்டும் கேட்டார். ஆட்சேபம் இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், பட்டியலில் சேர்த்துவிடலாம்.