குதிரைக்குப் பெயர் இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை: ஒரு ஆல்பர்ட்டா ஆல்பமும் ஐரீன் பார்ல்பியும்

நான் வேலை செய்வது கனடாவின் ஆல்பர்ட்டாவில், ரெட் டியர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில். ஒரு குளிர்காலத்தில், தொண்ணூறைத் தாண்டிய பாட்டி ஒருவர் ஒரு ஷூ பெட்டியையும் கறுப்புத் தாள் ஆல்பம் இரண்டையும் என் மடியில் வைத்து, "உன் போனில் இதையெல்லாம் படம் எடுத்துத் தருவாயா, பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும்" என்றார். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் இழுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை, அது முடிவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

பாதிப் படங்கள் வெட்டவெளிதான். புல்தரையை வேரோடு கட்டிகட்டியாக வெட்டி அடுக்கிய வீடு, அதன் வாசலில் சிரிக்காமல் நிற்கும் குடும்பம். 10 டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர், மூன்று வருடத்துக்குள் அங்கே குடியிருந்து உழுது காட்டினால் பட்டா: இதுதான் 1872-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 1876-லிருந்து அது ஆணுக்குத்தான். பெண்ணுக்கு வேண்டுமென்றால் அவள் விதவை மாதிரி, தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவளாக இருக்க வேண்டும். கூடவே நின்று கல் பொறுக்கி, மாடு கறந்து, அந்த மண்ணை வயலாக்கிய மனைவியின் பெயர் பத்திரத்தில் வராது. புருஷன் அவளைக் கேட்காமலே விற்றுவிட்டுப் போகலாம். ஆல்பர்ட்டாவில் 1917-ல்தான் அதற்கு ஒரு தடை வந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதலில் கண்ணில் பட்டது படங்களின் பின்பக்க எழுத்துதான். உழவுக் குதிரைகள் நிற்கும் படத்தில் இரண்டு குதிரைக்கும் பெயர் எழுதியிருக்கிறது. பெண்கள் நிற்கும் படத்தில் எல்லாரும் திருமதி இன்னார், அதுவும் புருஷன் பெயரில்.

அதில் ஒன்று பெண்கள் மட்டும் இருக்கும் பிக்னிக் படம். பதினைந்து பேர் இருப்பார்கள், எல்லாரும் தொப்பியோடு. "இதில் எங்கேயோ ஐரீன் பார்ல்பி இருக்கிறார் என்று அம்மா சொல்வார்" என்றார் பாட்டி. யார் அது என்று கேட்டேன். பாட்டி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது, சரி என்று வீட்டுக்குப் போய்ப் படித்தேன்.

ஆங்கிலேயப் பெண்மணி, 1868-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா ராணுவப் பொறியாளர், ரயில்வே வேலையாக இந்தியாவில் இருந்தவர். அதனால் சிறு வயதில் சில காலம் நம் ஊர் வெயிலையும் பார்த்திருக்கிறார். 1896-ல் தெரிந்தவர்களைப் பார்க்க ஆல்பர்ட்டா வந்தவர் ஊர் திரும்பவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வால்டர் பார்ல்பியைக் கல்யாணம் செய்துகொண்டு ஆலிக்ஸ் என்ற சிற்றூர் அருகே தங்கிவிட்டார். தோட்டம் போடுவதில் பைத்தியம். ஆல்பர்ட்டா விவசாயப் பெண்கள் சங்கத்துக்கு 1916-ல் தலைவரானார். மாகாணப் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும் அதே வருடம்தான். 1921 தேர்தலில் விவசாயிகள் கட்சி 61-ல் 38 இடம் பிடித்தது. லாக்கோம் தொகுதியில் வென்ற இவர் அமைச்சரும் ஆனார், பிரிட்டிஷ் பேரரசிலேயே இரண்டாவது பெண் அமைச்சர். ஆனால் இலாகா இல்லாத அமைச்சர்! பதினான்கு வருடமும் அப்படியே. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாட்டிக்கு உறுத்தவில்லை, "அதனால்தான் எல்லாவற்றிலும் தலையிட முடிந்தது" என்கிறார்.

அந்தப் பதினைந்து தொப்பிகளில் அவர் யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இந்த மாதிரிப் பழைய படங்களோடு உங்களுக்கும் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

* * *

சஸ்காட்சுவன்காரன்:

அக்கா, ஆல்பம் எழுபதுகளில் வாங்கின ஒட்டும் பக்கத்து ரகமாக இருந்தால் படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, ரம்பம் மாதிரி மெதுவாக இழுத்தால் வந்துவிடும். கறுப்புத் தாள் ரகத்தில் இந்த ஒட்டும் பக்கம் இருக்காது.

நான் தானியக் கிடங்கில் வேலை செய்கிறேன். எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு கதிரடிப்புப் படம் மாட்டியிருக்கிறார்கள். நீராவி எஞ்சின் ஒரு பக்கம், கதிரடிக்கும் பெட்டி தூரத்தில், நடுவே நீளமான பெல்ட். ஏன் இவ்வளவு நீளம் என்று ஒரு கிழவரிடம் கேட்டேன். எஞ்சின் பொறி பறந்து வைக்கோலில் விழுந்தால் களமே போய்விடும், அதனால் தள்ளி வைப்பார்களாம். எஞ்சின் மேல், வைக்கோல் வண்டி மேல் என்று இருபது இருபத்தைந்து ஆண்கள் போஸ் கொடுக்கிறார்கள். அத்தனை பேருக்கும் விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை பொங்கிப் போட்டவர்கள் படத்தில் இல்லை. அடுப்படியில் இருந்திருப்பார்கள்.

* * *

கல்கரிவாசி:

கல்கரி ஒலிம்பிக் பிளாசாவில் ஐந்து பெண்களின் வெண்கலச் சிலைகளை 1999-ல் வைத்தார்கள். பார்ல்பி அதில் ஒருவர். மற்றவர்கள் எமிலி மர்ஃபி, நெல்லி மக்ளங், லூயிஸ் மெக்கின்னி, ஹென்றியட்டா மியூர் எட்வர்ட்ஸ். தேநீர் மேசை, ஒருவர் கையில் 'பெண்களும் நபர்களே' என்று தலைப்பு போட்ட செய்தித்தாள், ஒரு காலி நாற்காலி. என் மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். "நபர் என்றால் என்னப்பா, இவர்கள் முன்னாடி என்னவாக இருந்தார்கள்?" என்று கேட்டாள்.

கனடா நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் நியமிக்கத் தகுந்த 'நபர்' என்ற சொல்லில் பெண் அடக்கமா என்பதுதான் இந்த ஐவரும் போட்ட வழக்கு. 1928-ல் கனடா உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. 1929 அக்டோபர் 18-ல், அப்போது அதற்கும் மேலான நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், உண்டு என்றது. ஐந்து வயதுக்கு இதை எப்படிச் சொல்வது, சமாளித்துவிட்டேன்.

1938-ல் ஒட்டாவாவில் இந்த ஐவருக்கும் ஒரு நினைவுப் பலகை திறந்தார்கள், பிரதமர் மக்கென்சி கிங் நடுவில் நிற்கும் படம் கூகுளில் கிடைக்கும். பார்க்கிறவர்கள் இவர்கள்தான் அந்த ஐவர் என்று நினைத்துவிடுவார்கள். ஐவரில் அங்கே இருப்பது மக்ளங் ஒருவர் மட்டும். மூவர் அதற்குள் காலமாகிவிட்டார்கள், அவர்களில் இருவர் சார்பில் மகளும் மருமகளும் நிற்கிறார்கள். பார்ல்பி உயிரோடு இருந்தார், ஆனால் படத்தில் இல்லை. 1965 வரை வாழ்ந்தவர்!

* * *

எட்மண்டனிலிருந்து:

எல்லாம் சரி, ஒன்றை விட்டுவிடுகிறோம். 1928-ல் இதே விவசாயிகள் அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தி, 1972-ல் சட்டத்தை எடுக்கும்வரை சுமார் 2,800 பேருக்கு அறுவை செய்தார்கள். பார்ல்பியும் அதை ஆதரித்தவர். அப்புறம் அந்த 'வெட்டவெளி'. 1876-ல் பூர்வகுடிகளான க்ரீ மக்களோடு ஆறாம் உடன்படிக்கை போட்டு வாங்கிய நிலம் அது, ஆளில்லாமல் கிடந்ததல்ல. சிலையைக் கும்பிட வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். தெரிந்துகொண்டு பார்ப்போம்.

* * *

மறுபடியும் நான்தான்:

எட்மண்டன் நண்பர் சொன்னதைப் பாட்டியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் காலத்தில் எங்கள் வீட்டிலும் அது நல்ல காரியம் என்றுதான் பேசினார்கள்" என்றார். மேலே கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கதிரடிப்புப் படம் பற்றிப் படித்த பிறகு நானும் ஆல்பத்தில் பாட்டியின் அம்மாவைத் தேடினேன். கல்யாணப் படத்துக்குப் பிறகு ஆளையே காணோம். சமையலில் இருந்திருப்பார் என்று விட்டிருப்பேன். நேற்று போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, குதிரைகளின் காலடியில் ஒரு நிழல். அகலத் தொப்பி, நீளப் பாவாடை, இடுப்பருகே இரண்டு கையாலும் எதையோ பிடித்திருக்கிறது. அந்தக் காலப் பெட்டிக் கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும், வெயில் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அதனால் நிழல் படத்துக்குள் விழுந்துவிடும்.

பாட்டியிடம் காட்டினேன். "அம்மாவின் தொப்பி" என்றார் உடனே. ஆல்பம் முழுக்கப் புரட்டி இன்னும் ஏழு படத்தில் அதே நிழலைக் கண்டுபிடித்தோம். அன்று சாப்பாட்டு மணி அடித்தும் பாட்டி எழுந்திருக்கவில்லை.

அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். புருஷன் பெயர் சேர்க்காமல் சொன்னார். பேனா மை பழைய தாளில் ஊறிவிடும் என்று பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்னால் எழுதினேன். குதிரைகளின் பெயருக்குக் கீழேதான் இடம் இருந்தது.