பழைய ஹோம் சேர்வர்: ராம் போடுவதா, பெட்டியையே மாற்றுவதா?

ஹட்டன்காரன்: 2012இல் வந்த இன்டெல் ஐ5-3470 சிப் போட்ட பழைய கணினிதான் வீட்டு சேர்வர், போட்டோ, ஜெலிஃபின் (நம்ம படங்களை டிவி, போனில் ஓடவிடும் மென்பொருள்) எல்லாம் அதில்தான். இன்னும் 8 ஜிபி ராம் போடலாமா, புதிதாகவே எடுப்பதா அண்ணன்மாரே?

பண்டாரவளை: ராமுக்குக் காசு போடாதீங்க தம்பி, அந்தப் பழைய டிடிஆர்3 வகை ராம் புதுப் போர்டில் ஏறாது. உங்கள் சிப்பின் டிடிபி (வேலை செய்யும்போது சிப் இழுக்கும் மின்சாரத்துக்கான கணக்கு) 77 வாட், மினி பிசி என்ற சின்னப் பெட்டிகளில் வரும் இன்டெல் என்100 சிப்புக்கு வெறும் 6 வாட். சும்மா நிற்கும்போது அவ்வளவு வித்தியாசம் வராதுதான், ஆனாலும் இரவு பகலாக ஓடுகிற பெட்டி என்றால் பில்லில் தெரியும். 10 பிட் ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) படத்தையும், பார்க்கிற டிவி, போனுக்கு ஏற்றபடி என்100 ஹார்ட்வெயாரிலேயே மாற்றிவிடும், உங்களுடையது திணறும்.

நுவரெலியா: பெரும்பாலான மினி பிசியில் 3.5 அங்குல டிஸ்க்குக்கு இடமில்லையே அண்ணே! நானென்றால் முதலில் யூபிஎஸ்தான் வாங்குவேன், நம்ம பக்கத்து இடிமின்னலுக்கு.

ஹட்டன்காரன்: சரி, ராம் வேண்டாம். இரண்டு டிஸ்க்கையும் யூஎஸ்பியில் மாட்டலாமா?

பண்டாரவளை: பேக்கப்புக்கு மட்டும். ரெய்டுக்கு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவதற்கு) வேண்டாம்.