செஃப் லீவு முடிஞ்சும் திரும்பலை, எஸ்எம்எஸ்ல (பிரிட்டன் உள்துறையோட ஸ்பான்சர் ஆன்லைன் சிஸ்டம்) என்ன ரிப்போர்ட் பண்ணணும்? அவசரம்

ஈஸ்ட்ஹாம்_கடை:
வணக்கம். ரெஸ்டாரன்ட்ல ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கிற செஃப் ஊருக்குப் போனவர் இன்னும் வரலை, போனும் எடுக்கலை. ரிப்போர்ட் பண்ணினா ஸ்பான்சர் லைசென்ஸே (வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்கிற அனுமதி) போயிடும்னு பயமுறுத்துறாங்க. எத்தனை நாள் டைம் இருக்கு? இன்னிக்கே பதில் வேணும்.

லெஸ்டர்காரன்:
எந்தத் தேதி போனார்? சம்பளத்தோட லீவா, சம்பளமில்லாமலா? எதுவரைக்கும் நீங்க சம்மதிச்சீங்க? இது தெரியாம நாள் எண்ண முடியாது.

ஹாரோ_அக்கா:
வாரத்துல எந்தெந்த நாள் அவருக்கு டியூட்டி? அதையும் சொல்லுங்க தம்பி.

பேஸ்லிப்:
அதுவரைக்கும் பேரோல்ல வழக்கமான சம்பளத்தைப் போட்டு வைங்க. சம்பளம் ஓடினா ஆள் வேலையில் இருக்கிற கணக்குதான்.

கைடன்ஸ்_பார்ட்3:
இதை யாரும் செய்யாதீங்க. எச்எம்ஆர்சிக்கு (வரித்துறை) போற சம்பளக் கணக்கை ஹோம் ஆபிஸ் (உள்துறை) ஒத்துப் பார்க்குது. வராத ஆளை வந்ததா காட்டினா அதுக்குப் பேர் பொய்க்கணக்கு. கேட்டவருக்கும் ஒண்ணு: லைசென்ஸ் வாங்கின அன்னிக்கே கடமைகளைப் படிச்சிருந்தா இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. தேதி, டியூட்டி நாள் இல்லாம இங்க வந்து அவசரம்னா என்ன அர்த்தம்?

ஹாரோ_அக்கா:
திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம். அவர் பதட்டத்துல இருக்கார்.

ஈஸ்ட்ஹாம்_கடை:
மன்னிக்கணும். டியூட்டி புதன் முதல் ஞாயிறு. டிசம்பர் 3லிருந்து 2 வாரம் சம்பளத்தோட லீவு. 17ஆம் தேதி வரணும். அம்மாவுக்கு ஆபரேஷன்னு வாட்ஸ்அப்ல கேட்டார், சம்பளமில்லாம நீட்டிச்சுக் கொடுத்தேன். ஜனவரி 7 காலையில வரணும், வரலை. இன்னிக்கு 24.

லெஸ்டர்காரன்:
அனுமதியில்லாத லீவு 7ஆம் தேதியிலிருந்துதான் ஆரம்பம். அவருடைய டியூட்டி நாளை மட்டும் எண்ணுங்க: 7 முதல் 11 வரை 5, 14 முதல் 18 வரை 5. பத்தாவது நாள் ஜனவரி 18. அதிலிருந்து 10 வேலை நாளுக்குள்ள ரிப்போர்ட் போகணும். திங்கள் முதல் வெள்ளி எண்ணினா ஜனவரி 30தான் கடைசி. இன்னும் கெடு தாண்டலை, ஆனா அதுவரை காத்திருக்காதீங்க.

பேஸ்லிப்:
அது சரி, சம்பளமில்லாத லீவு 4 வாரம் தாண்டக் கூடாதுங்கிற கணக்கு? டிசம்பர்ல 11 நாள், ஜனவரியில இன்னிக்கு வரை 18. மொத்தம் 29. இவருக்கு 4 வாரம்னா 20 நாள். ஏற்கெனவே தாண்டியாச்சு, ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்தியே ஆகணும்.

கைடன்ஸ்_பார்ட்3:
தப்பு. அது காலண்டர் வருஷக் கணக்கு. ஜனவரி 1க்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். டிசம்பர் 11ஐயும் ஜனவரி 18ஐயும் கூட்டவே கூடாது.

பேஸ்லிப்:
ஒரே லீவு ரெண்டு வருஷத்துல விழுந்தா பிரிச்சு எண்ணுறது நியாயமா? தொடர்ச்சியா பார்த்தா அவர் வேலைக்கு வந்து ஏழு வாரம் ஆச்சு.

கைடன்ஸ்_பார்ட்3:
நியாயம் வேற, விதி வேற. விதியில இருக்கிறது காலண்டர் வருஷம்.

லெஸ்டர்காரன்:
பிரிச்சு எண்ணினாலும் நெருக்கத்துலதான் இருக்கு. 28ஆம் தேதியோட 20 நாள் ஆகும், 29 அன்னிக்கும் வரலைன்னா இந்த வருஷக் கணக்கும் தாண்டிடும்.

ஹாரோ_அக்கா:
தம்பி, ரிப்போர்ட் பண்றது வேற, ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்துறது வேற. ரிப்போர்ட் பண்ணினதுக்காக லைசென்ஸ் போகாது, மறைச்சாத்தான் ஆபத்து. எஸ்எம்எஸ்ல வொர்க்கர்ஸ் பகுதிக்குப் போய் அவருடைய சிஓஎஸ் (ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்) எண்ணைத் தேடி அங்கேயே எழுதுங்க. கடைசியா வேலை பார்த்த நாள், அனுமதிச்ச லீவு எதுவரை, 7லிருந்து அனுமதி இல்லை, எந்தத் தேதியில எப்படியெல்லாம் தொடர்பு கொண்டீங்க, கடைசியா தெரிஞ்ச முகவரி, போன், மெயில். வாட்ஸ்அப் மெசேஜை தேதி தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபைல்ல வைங்க, நீங்க கொடுத்த அனுமதிக்கு அதுதான் சாட்சி. அவசரப்பட்டு நிறுத்தவும் வேண்டாம். 2025 ஜூலை 22க்கு அப்புறம் செஃப் வேலைக்கு ஊரிலிருந்து புதுசா யாரையும் ஸ்பான்சர் பண்ண முடியாது. இவர் விசா ரத்தானா இவருக்கும் திரும்ப வழி இல்லை, உங்களுக்கும் மாற்று ஆள் அங்கிருந்து வராது.

ஈஸ்ட்ஹாம்_கடை:
எஸ்எம்எஸ் லாகின் சொலிசிட்டர்கிட்ட இருக்கு. ஹோம் ஆபிஸுக்கு மெயில் அனுப்பினா போதாதா?

கைடன்ஸ்_பார்ட்3:
போதாது. எஸ்எம்எஸ் வழியாத்தான் போகணும். திங்கள் காலையிலேயே சொலிசிட்டரை விட்டுப் போட வைங்க. லெவல் 1 யூசர்ல (எஸ்எம்எஸ்ஸை இயக்குறவங்க) ஒருத்தராவது உங்க கடை ஆளா இருக்கணும், அதையும் சரி பண்ணுங்க.

ஈஸ்ட்ஹாம்_கடை:
திங்கள் ரிப்போர்ட் போட்டாச்சு. நேத்து அவர் தங்கச்சி போன் எடுத்தாங்க. அம்மா இன்னும் ஐசியூவில், இவர்தான் கூட இருக்கார். எல்லாருக்கும் நன்றி.

ஹாரோ_அக்கா:
அம்மா நல்லபடியா தேறட்டும். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிக்கோங்க. 4 வாரம் தாண்டியும் அவரை வச்சுக்கணும்னா, விதிவிலக்கான காரணம்னு எஸ்எம்எஸ்ல முழுசா எழுதணும். 29க்கு முன்னாடியே எழுதி ரெடியா வைங்க.