திருகோணமலையில் செப்பு முலாம்: தொட்டிக்குள் ஏறும் உப்பு (பட்டறைக்காரர்களின் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் பெயர்)

உப்புவெளிப் பட்டறை

செப்பு முலாம் மங்கலாக வந்தால் எல்லாரும் முதலில் கரண்டைத்தான் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். எங்கள் கரையோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை.

பளபளப்பான அமிலச் செப்புத் தொட்டிக்கு லீற்றருக்கு 200 முதல் 220 கிராம் செப்பு சல்பேற்று, 60 கிராம் அளவில் சல்பூரிக்கமிலம், அதோடு வெறும் 50 முதல் 80 மில்லிகிராம் குளோரைட்டு, அதாவது சாதாரண உப்பில் உள்ள அதே குளோரைட்டு. மூன்றிலும் மிகச் சிறியது அந்தக் குளோரைட்டுத்தான், கணக்குத் தப்புவதும் அதில்தான். அது போதாவிட்டால் விளிம்புகள் கருகும், முகத்தில் கோடு கோடாக விழும். 120ஐத் தாண்டினால் பளபளப்பு இறங்கும். இன்னும் ஏறினால் அனோட்டுத் தகட்டில் (நேர்முனையில் தொங்கும் செப்பில்) வெள்ளைப் படலம் கட்டும். அது குப்பிரசுக் குளோரைட்டு. அதன் பிறகு வோல்ற்றளவைக் கூட்டினாலும் கரண்ட் ஏறாது.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு இருக்கிறது. 100 லீற்றர் தொட்டிக்குத் தேவையான முழுக் குளோரைட்டும் 300 மில்லிலீற்றர் கடல்நீரிலேயே அடங்கிவிடும். படகிலிருந்து கழற்றிய சாமானைக் கழுவாமல் தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கிணற்று நீர் இன்னும் மெதுவாகக் கெடுக்கும். 100 லீற்றர் தொட்டியில் ஒரு நாளைக்கு 2 லீற்றர் ஆவியாகிறது, அதை லீற்றருக்கு 300 மில்லிகிராம் குளோரைட்டு உள்ள கிணற்று நீரால் நிரப்புகிறீர்கள் என்று வையுங்கள். தண்ணீர் போகும், உப்பு போகாது. நாளொன்றுக்கு லீற்றருக்கு 6 மில்லிகிராம் ஏறும், பத்து நாளில் 60. தொடக்கத்தில் வடிவாக இருந்த தொட்டி இரண்டாம் கிழமையில் மங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நிலாவெளி மெருகு

அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. காய்ச்சி வடித்த நீர் 10 லீற்றரில் 1 கிராம் சாதாரண உப்பைக் கரையுங்கள். அதில் லீற்றருக்கு 60 மில்லிகிராம் அளவில் குளோரைட்டு இருக்கும். ஒரு கண்ணாடிக் குழாயில் அந்த நீர் 10 மில்லிலீற்றர், பக்கத்தில் இன்னொன்றில் உங்கள் கிணற்று நீர் 10 மில்லிலீற்றர். இரண்டிலும் ஒரு துளி ஐதான நைத்திரிக்கமிலம், பிறகு மூன்று துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல். கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். உப்பு நீரில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி மெல்லிய வெண்மை வரும். கிணற்று நீரில் பால் திரிந்ததுபோல் கட்டியாக விழுந்தால் அந்தக் கிணற்றைத் தொட்டிக்குப் பாவிக்க வேண்டாம்.

மாற்று நீர் என்றால் பற்றறிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீர், அல்லது குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரை வடிகட்டியது. மழைநீரும் நல்லது. ஆனால் கூரையில் கடற்காற்று உப்புப் படிந்திருக்கும், ஆகவே மாரியின் முதல் மழைகளைப் பிடிக்காதீர்கள். குளோரைட்டு ஏறிய தொட்டிக்கு மலிவான மருந்து, பாதியை எடுத்து வைத்துவிட்டு உப்பில்லாத நீரில் கரைத்த புதுக் கரைசல் ஊற்றுவதுதான். 150 இருந்தது 75க்கு வரும். நாகத் (துத்தநாகத்) தூள் போட்டும் இறக்கலாம், ஆனால் நாகம் கரைசலிலேயே தங்கிவிடும்.

மூதூர் வெல்டிங்

அமிலத்துக்கு ஒரு வழி: சல்பூரிக்கமிலப் போத்தல் கிடைக்காதவர்கள் 1.28 அடர்த்தியுள்ள பற்றறி அமிலம் பாவிக்கலாம். 10 லீற்றர் தொட்டிக்கு 1.25 லீற்றர் போட்டால் 600 கிராம் அமிலம் வந்துவிடும். எப்போதும் தண்ணீருக்குள் அமிலம், அமிலத்துக்குள் தண்ணீர் அல்ல. பயிருக்கு அடிக்கிற மயில்துத்தமும் செப்பு சல்பேற்றுத்தான், ஆனால் அதில் இரும்பு கலந்திருக்கும், தொட்டிக்கு அது ஆகாது.

என் கேள்வி இதுதான் அண்ணை. இரும்புச் சாமானை நேரே இந்தத் தொட்டியில் போட்டால் செப்பு உரிந்து வருகிறதே, அதுவும் உப்பினாலா?

உப்புவெளிப் பட்டறை

இல்லை தம்பி, அது வேறு. ஒரு இரும்பாணியைக் கரண்ட் இல்லாமல் ஐந்து விநாடி தொட்டியில் நனைத்து எடுங்கள். இளஞ்சிவப்பாக வரும். துணியால் துடைத்தால் அந்தச் சிவப்பு முழுக்கத் துணியில் ஒட்டிவிடும். இரும்பு கரைந்து அதன் இடத்தில் செப்பு தூளாக உட்கார்ந்ததுதான் அது. அந்தத் தூளின்மேல் எவ்வளவு தடிப்பாக முலாம் ஏற்றினாலும் அடியில் பிடிப்பு இருக்காது.

பெரிய ஆலைகள் இதற்குச் சயனைட்டுச் செப்பை முதற்பூச்சாகப் பாவிக்கின்றன. அதில் அமிலம் பட்டால் ஐதரசன் சயனைட்டு வாயு எழும், ஆளைக் கொல்லும். சிறு பட்டறைக்குள் அதை ஏற்றவே கூடாது, இதில் எனக்குச் சமரசம் இல்லை. பதிலுக்கு நிக்கல் முதற்பூச்சு: லீற்றருக்கு நிக்கல் குளோரைட்டு 240 கிராம், ஐதரோகுளோரிக்கமிலம் 125 மில்லிலீற்றர், நிக்கல் அனோட்டு, இரண்டு மூன்று நிமிடம். நிக்கல் உப்பும் நஞ்சுதான், கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

இங்கே உப்புக் கதை திரும்பவும் வருகிறது. அந்த நிக்கல் கரைசலில் லீற்றருக்குக் கிட்டத்தட்ட 120 கிராம் குளோரைட்டு. சாமானோடு ஒட்டி 5 மில்லிலீற்றர் வந்தாலே 100 லீற்றர் செப்புத் தொட்டியில் லீற்றருக்கு 6 மில்லிகிராம் ஏறும், முன்பு சொன்ன கிணற்று நீர் ஒரு முழு நாளில் ஏற்றுகிற அளவு. நிக்கலுக்குப் பிறகு இரண்டு தனித்தனி வாளியில் அலசி, 5 வீதச் சல்பூரிக்கமிலத்தில் ஒருமுறை நனைத்து, அதன் பிறகே செப்பு.

சீனக்குடா லேத்

கணக்குத் தேடுகிறவர்களுக்கு: ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் 1.186 கிராம் செப்பு ஏறும். 4 சென்ரிமீற்றர் விட்டம், 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள குழாயின் வெளிப்பரப்பு 377 சதுர சென்ரிமீற்றர். 100 சதுர சென்ரிமீற்றருக்கு 3 அம்பியர் என்றால் 11 அம்பியருக்குச் சற்று மேல். அரை மணித்தியாலத்தில் 20 மைக்ரோன் (0.02 மில்லிமீற்றர்) தடிப்புக் கிடைக்கும். கார் பற்றறியின் 12 வோல்ற்றை நேரே கொடுத்தால் விளிம்பில் கருஞ்சிவப்புத் தூள்தான் படியும். தொட்டிக்கு 4 வோல்ற்றுக்குள் போதும், கரண்டைக் கட்டுப்படுத்தும் மின்வழங்கி வேண்டும்.

அனோட்டுக்குக் கேபிள் செப்பை உரித்துப் போடுகிறார்கள். அது சுத்தமான செப்பு, ஆனால் பொஸ்பரசு இல்லை. ஆகவே பொடிப் பொடியாக உதிர்ந்து முலாமில் மணல்போலச் சொரசொரப்பாக ஏறும். அனோட்டில் 0.04 முதல் 0.06 வீதம் பொஸ்பரசு இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் தண்ணீர்க் குழாய்ச் செப்பு கேபிளைவிட நல்லது, அதில் கொஞ்சம் பொஸ்பரசு உண்டு. மெல்லிய கரும்படலம் கட்டினால் அனோட்டு நலமாக இருக்கிறது என்று அர்த்தம், உரசி எடுக்காதீர்கள். பொலிப்புரொப்பிலீன் துணிப் பை போட்டுத் தொங்கவிடுங்கள்.

கொட்பே வள்ளம்

இரும்புச் சுக்கான் ஆணி, கொளுக்கிகளுக்குச் செப்பு பூசினால் கடலில் துருப் பிடிக்காதா?

உப்புவெளிப் பட்டறை

நான் மறுக்கும் வேலை அதுதான். கடல்நீரில் செப்பு தன்னைத் தொட்டிருக்கும் இரும்பை அரிக்கவைக்கும். முலாமில் ஊசி முனையளவு துளை இருந்தாலும் அந்த இடத்தில் அரிப்பு குவிந்து உள்ளே குடைந்துகொண்டு போகும், மேலே பார்க்கச் செப்பு அழகாகவே இருக்கும். பிரித்தானியக் கடற்படை 1761இல் அலார்ம் கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடித்த பிறகு செப்பு தொட்ட இரும்பாணிகள் அரித்துப்போயின. தகடு சுற்றி வந்த பழுப்புத் தாள் இடையில் தங்கியிருந்த இடங்களில் ஆணி தப்பியது. கடலுக்குப் போகும் இரும்புக்குச் சூடான நாகப் பூச்சுப் போடுங்கள். செப்பு முலாம் நிக்கல்-குரோம் பூச்சுக்கு அடிப்பூச்சாகவோ பித்தளை விளக்கு மெருகுக்கோ இருக்கட்டும்.

நிலாவெளி மெருகு

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழ் கரைசல் 30 பாகையைத் தாண்டும், பளபளப்புக்குச் சேர்க்கும் மினுக்கும் மருந்து வேகமாகச் செலவழியும். உறைந்த தண்ணீர்ப் போத்தலை இறுக மூடி, வெளிப்புறத்தைக் கழுவித் தொட்டிக்குள் மிதக்கவிட்டால் இறங்கும். வெறும் ஐஸ் கட்டி போடாதீர்கள், அதிலும் எந்தக் கிணற்று நீர் என்று தெரியாது.

அலசிய நீரை வாய்க்காலுக்கு விட வேண்டாம். செப்பு மிகக் கொஞ்சமே என்றாலும் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் நஞ்சு, இங்கே வாய்க்கால் எல்லாம் குடாவுக்குத்தான் போகிறது. ஒரு பீப்பாவில் சேர்த்து, நீறிய சுண்ணாம்பு போட்டு பி.எச். 9க்குக் கொண்டுவாருங்கள். நீலச் சேறாகக் கீழே இறங்கும். ஒரு இரவு விட்டு மேல் நீர் தெளிந்ததா என்று பார்த்து, சேற்றைத் துணியில் வடித்து மூடிய வாளியில் வையுங்கள்.